கோழி தின்ற கடற்பாசி

நாமக்கல்,
ஞாயிற்றுக்கிழமை.

மோகனுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு இந்த நான்கு வருஷத்தில் நீயும் நானும் நேராக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, எல்லாம் உன் அம்மா வழியாகத்தான், அவளும் இரண்டு பக்கத்துப் பேச்சிலிருந்தும் காரத்தை எடுத்துவிட்டுச் சொல்லிச் சொல்லி, நான் என்ன நினைக்கிறேன் என்பது உனக்கும், நீ என்ன நினைக்கிறாய் என்பது எனக்கும் தெரியாமலே போய்விட்டது. கடிதம் என்றால் இங்கு அனைவரும் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் பொய்யாகிவிடும். சில மாதமாக நான் நலமாக இல்லை, இப்போது தேறிக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா நலம், நீ நலமாக இல்லை என்று நினைக்கிறேன், அது உனக்கே தெரியவில்லை என்றும் நினைக்கிறேன், அதற்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாமே என்று உன் அம்மா கேட்டாள். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அது உன் வழக்கம். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது உன் மேசையிலேயே கிடக்கும், மீதியை என்றைக்காவது படித்துத்தான் ஆகவேண்டும்.

ஊர்ச் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. எடப்பாடியில் உன் அத்தை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சௌக்கியம். இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா தடுத்து வைத்திருந்தாள், நீ வருத்தப்படுவாயாம். ஒரு பிள்ளை பிறந்ததற்கு வருத்தப்படுகிறவன் இல்லை நீ, அந்த அளவுக்கு உன்னை எனக்குத் தெரியும், அதனால் எழுதிவிட்டேன். சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிற உன் சிநேகிதன் ராசுவைப் போன மாதம் பார்த்தேன், மோகன் எப்பங்க வருவான் என்று கேட்டான், அவனையே கேள் என்றேன். உன்னுடைய பழைய அறையை யாருக்கும் கொடுக்கவில்லை, உன் அம்மா அதில் மிளகாய் காய வைக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதம் உன் மாமனார் பெனடிக்ட், உங்களோடு அயர்லாந்தில், கால்வேயில் மூன்று மாதம் இருந்துவிட்டுச் சேலம் திரும்பிய கையோடு, காரை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். உங்கள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று தடித்த எழுத்தில் அச்சடித்துக்கொண்டு, என் பெயருக்குக் கீழே ஒன்றுமே போடாமல் விட்ட மனிதர் அவர். கால்நடை மருத்துவம் படித்து, அதற்கு மேல் தீவன இயலில் முனைவர் பட்டமும் வாங்கிய ஒருவனுடைய பெயர் அங்கே மொட்டையாக நின்றது. நான் அதை மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை. அவர் ஒரு பை நிறைய டப்பாக்களைத் தூக்கி மேசைமேல் வைத்தார். மாப்பிள்ளை உங்களுக்குன்னே வாங்கிக் குடுத்துவிட்டாருங்க சம்பந்தி, கடல்ல வெளையற பாசியாம், ஆம்பளைங்களுக்கு ரொம்ப நல்லதாம், நானும் தெனம் ஒண்ணு போடறேன், பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்குது என்றார். பத்து வயது குறைந்ததற்கு அடையாளமாகத் தலைமயிரில் புதுச்சாயம் இருந்தது, வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. டப்பாவை எடுத்துப் பார்த்தேன். கட்டுமஸ்தான ஒருவன் அலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம், ஆண்களின் நலத்துக்கு, புராஸ்டேட்டுக்கு, வீரியத்துக்கு என்று வரிசையாகப் போட்டிருந்தது. எனக்கு எதற்கு இது என்று அவர் போன பிறகு உன் அம்மாவிடம் கேட்டேன். அடிக்கடி நான் சிறுநீர் கழிக்க எழுந்து போவதை அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள், நீ உன் மனைவி ஜெர்லினிடம் சொல்லியிருக்கிறாய், பெனடிக்ட்டும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறார். நான் கழிக்கிற சிறுநீரைப் பற்றி அயர்லாந்தில் கூடி உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள். ஒரு வரி எனக்கென்று எழுதி அந்தப் பைக்குள் போட்டிருக்கிறாயா என்று துழாவிப் பார்த்தேன். இல்லை.

அதனால் நான் அதைத் தின்னவில்லை. ஆனால் தூக்கி எறியவும் இல்லை. பின்கட்டில் நான் வைத்திருக்கிற நான்கு கோழியும் ஒரு சேவலும் எதற்கு என்று உனக்குத் தெரியும். நாமக்கல்லில் தீவன ஆலோசகனாக இருக்கிறவனிடம் வாரத்துக்கு ஒருவன் ஏதாவது ஒரு பொடியோடு வந்து நிற்பான், ஓடு கெட்டிப்படும், மஞ்சள் கரு நிறம் ஏறும், முட்டை கூடும் என்பான். லட்சம் கோழி நிற்கிற பண்ணையில் அதைப் போடச் சொல்வதற்கு முன்னால் பின்கட்டில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். அந்த ஐந்தும் சொல்கிற தீர்ப்பைத்தான் இத்தனை வருஷமாக நான் நம்பி வருகிறேன். கல்லூரியில் பேராசிரியர் பதவிக்கு என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்ட கமிட்டியைப் போல அவை ஆள் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆண்மைக்கு என்றுதானே போட்டிருக்கிறது, முதலில் சேவல் தின்னட்டும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அதுக்கு என்னங்க கொறச்சல் என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். மறுநாளிலிருந்து மாத்திரை உறைகளைப் பிரித்து அந்தப் பச்சைப் பொடியை மக்காச்சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் கலந்து வைத்தேன், மகன் அனுப்பியதைக் கோழிக்குப் போடுகிறேன் என்பதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது, மறைப்பானேன். உன் அம்மா அதை உன்னிடம் சொல்லிவிட்டாள் என்றும் பிறகு தெரிந்தது. சேவல் முன்பு எப்படியோ அப்படியே இருந்தது. கோழிகள் நன்றாக இருந்தன, மஞ்சள் கரு செம்மஞ்சளாக மாறிற்று, நல்ல முட்டை. உன் அம்மாவுக்கு முட்டை வாசனையே ஆகாது, இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டும் ஆகவில்லை, ஆகவே அத்தனை முட்டையும் எனக்குத்தான். காலையில் மூன்று, தவறாமல்.

சித்திரை பிறந்ததும் என் உடம்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு ஓடி வந்தவனுடைய நெஞ்சைப் போல அடித்தது. பசி தாங்கவில்லை, தின்னத் தின்ன இளைத்தேன், வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. வெயிலைக் கேட்கவே வேண்டாம், எல்லோருக்கும் வியர்த்தால் எனக்குக் கொட்டியது. கோபமோ, அதற்கு ஒரு காரணமும் தேவைப்படவில்லை. ஒரு பண்ணை முதலாளியிடம் கால்சியத்தைப் பற்றி ஆரம்பித்த பேச்சு அவருடைய தாத்தாவரைக்கும் போய்விட்டது, அவர் இப்போது வேறு ஆலோசகரை வைத்துக்கொண்டார். ரத்தக்கொதிப்பு என்று நினைத்தேன், இருதயமோ என்று பயந்தேன், உண்மையைச் சொன்னால் பெனடிக்ட் வந்து போனதிலிருந்துதான் என்றும் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஒரு நாள் காலை டீ டம்ளரை எடுக்கும்போது கை நடுங்கி டம்ளர் தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. உன் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு டம்ளரைத் தன் கையால் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கே சேலத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் பாலசுந்தரம் என்று தைராய்டு வைத்தியர், இளவயதுக்காரர், அதிகம் பேச மாட்டார். என் கழுத்தைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தொண்டைக்குக் கீழே ஒரு சிறு கட்டி உண்டு, அதை நான் பொருட்படுத்தியதே இல்லை. ரத்தத்தில் தைராய்டு ஏகத்துக்கு ஏறியிருந்தது. இருமல் மருந்து, ஸ்கேனுக்குப் போடுகிற ஊசி, கடற்பாசி மாத்திரை ஏதாவது எடுத்தீங்களா சார் என்று கேட்டார். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, என் மகன் கடற்பாசி மாத்திரை அனுப்பினான், ஆனால் ஒன்றைக்கூட நான் வாயில் போடவில்லை என்றேன். நீ அனுப்பியதை மறுத்ததற்காக ஒருவர் என்னைப் பாராட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டு ஒரு படம் எடுக்க அனுப்பினார். கழுத்துச் சுரப்பி அயோடினை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டுகிற படம். அது கிட்டத்தட்ட வெறுமையாக வந்தது, கட்டி இருக்கிற இடத்தில்கூட ஒன்றும் இல்லை. வயிறு நெறஞ்சவன் எலைய மடிச்சு வச்ச மாதிரி இருக்குதுங்க சார், உங்களுக்கு எங்கிருந்தோ அயோடின் வந்துட்டே இருக்குது, போதும் போதும்னு சுரப்பி வாங்க மாட்டேங்குது, எங்கிருந்துன்னு யோசிங்க என்றார்.

திரும்பும்போது பேருந்தில் யோசித்தேன். ராசிபுரம் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு முட்டை வண்டி போய்க்கொண்டிருந்தது, அட்டை அட்டையாக அடுக்கி வலை போட்டுக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே வந்தவனுக்குத் திடீரென்று விளங்கிவிட்டது. கோழி தன் தீவனத்தில் அயோடின் கூடினால் அதை உடம்பில் வைத்துக்கொள்ளாது, மஞ்சள் கருவில் ஏற்றி முட்டையோடு வெளியே அனுப்பிவிடும். இது எங்கோ படித்த செய்தி இல்லை, பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் மைக் பிடித்து நானே சொல்லியிருக்கிற பாடம். ஒரு பொடி நல்லதா கெட்டதா என்று கோழியைப் பார்த்துத் தீர்மானிக்கிற என் முறை, முட்டை விற்றுப் போகிற பண்ணைக்குச் சரி. அந்த முட்டையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறவன் யார் என்பதை நான் பார்க்கவே இல்லை. கோழி நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருப்பதற்காகவே அது அத்தனையையும் எனக்குத் தந்துகொண்டிருந்தது. மறுநாள் தீவனம் பரிசோதிக்கிற லேபில் நான்கு முட்டையைக் கொடுத்தேன், கடை முட்டை நான்கையும் சேர்த்துக் கொடுத்தேன். நம் கோழி முட்டையில் அயோடின் பல மடங்கு இருந்தது. லேபில் இருந்த பெண், எந்தப் பண்ணை முட்டைங்க சார் இது என்று கேட்டாள், என்னுடையது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மோகன், அன்றிலிருந்து எனக்கு ஒரு பிரமிப்பு, அது இன்னும் இறங்கவில்லை. யோசித்துப் பார். கடலுக்கு இத்தனை தூரத்தில், கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மேட்டுநிலம் இது, நான் கடலைப் பார்த்ததே நாலைந்து தடவைதான். நீ இருக்கிற அட்லாண்டிக் கரையில் ஒரு பாசி பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு நம் செடிகளுக்கு இருப்பதுபோல உறிஞ்சுகிற வேர் இல்லை, பிடித்துக்கொள்ள மட்டும்தான் அந்தப் பிடி, குடிப்பது இலை முழுவதாலும். கடல் தண்ணீரில் அயோடின் இருக்கிறதா என்று தேடினால் கிடைக்காத அளவுக்கு மெலிதாக இருக்கிறது, அதை இந்தப் பாசி அலை அலையாகச் சலித்து, ஆயிரக்கணக்கான மடங்கு திரட்டித் தனக்குள் வைத்துக்கொள்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு யாரோ அதை அறுத்துக் காய வைத்துப் பொடித்து அடைத்து, நீ வாங்கி, உன் மாமனார் சுமந்து வந்து, நான் மனக்கசப்போடு கோழிக்குப் போட்டு, அந்தக் கோழி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கருவில் வைத்து மூடி, காலையில் என் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நீ கொடுத்ததை வாங்க மாட்டேன் என்று நான் கதவைச் சாத்தினேன், அது சுற்றிக்கொண்டு அடுப்படி வழியாக வந்து என் கழுத்துக்குள் குடியேறிவிட்டது. எல்லாம் சேர்த்தாலும் ஒரு கடுகளவு தேறாது. அந்தக் கடுகளவு என் நெஞ்சை ஓட்டியது, என் சதையைக் கரைத்தது, என் நாக்கைப் பிடித்து ஆட்டியது. படித்தவன் என்று தலை நிமிர்ந்து நடந்தவன் நான், என் கோபம் என் புத்தியிலிருந்து வருகிறது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன். வெளியே சொல்ல ஆளில்லாமல் உன் அம்மாவிடம் சொன்னேன். கடல் ஊட்டுக்கே வந்துருக்குது, நாமதான் கவனிக்கலையாட்ட இருக்குது என்றாள். அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியவில்லை.

முட்டையை நிறுத்தினேன், கோழிக்குப் பழைய தீவனம், படபடப்புக்கு டாக்டர் ஒரு சிறு மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் போனதும் நடுக்கம் அடங்கிற்று, இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். நெஞ்சும் நிதானப்பட்டது. கோபம் மட்டும் என்ன ஆகும் என்று ஆவலாகக் காத்திருந்தேன். பண்ணை முதலாளி மேல் இருந்தது போய்விட்டது, அவரிடம் போய்ப் பேசிவிட்டும் வந்தேன். உன் மேல் இருந்தது போகவில்லை, பெனடிக்ட் மேல் இருந்ததும் போகவில்லை. அவை இரண்டும் அயோடினால் வந்தவை அல்ல, என்னுடையவைதான் என்று உறுதியாகிவிட்டது.

கை நிதானமானதும் நான் செய்த முதல் வேலை, இந்தப் பாசி உண்மையில் ஆண்களுக்கு என்னதான் செய்கிறது என்று தேடிப் படித்தது. படிக்கத் தெரிந்த ஒன்றுதான் எனக்கு மிச்சம். உண்மையை உள்ளபடி சொல்கிறேன், உன்னை மறுப்பதற்காகச் சொல்லவில்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள்மேல் பாசியின் சாற்றை ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள், செல்கள் வளர்வது மட்டுப்பட்டிருக்கிறது. எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், சிலவற்றில் விந்து மேம்பட்டதாகக்கூட எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போது எனக்கும் மலைப்பாகத்தான் இருந்தது, அந்த வழவழப்புக்குள் என்னென்னவோ இருக்கிறது, இன்னும் ஐம்பது வருஷம் ஆராய்ச்சி செய்ய வேலை இருக்கிறது. ஆனால் மனிதர்களிடம் செய்து பார்த்தவை கொஞ்சம், சிறியவை, சில வாரங்களில் முடிந்துவிட்டவை. இதைத் தின்றால் ஆண்மை கூடும், புராஸ்டேட் சுருங்கும், பிள்ளை பிறக்கும் என்று ஒப்புக்கொள்ளும்படி எதையும் நான் காணவில்லை. பலனே இல்லை என்று நிரூபித்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. டப்பாவில் இருப்பவன் கையைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தெம்பாக நிற்பதற்கு ஆதாரம் போதாது, அவ்வளவுதான். உணவில் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிற ஜப்பான்காரனைக் காட்டி நீ வாதாடலாம், அவன் தலைமுறை தலைமுறையாகப் பழகினவன், அவர்களிலும் அளவு மீறினவர்களுக்குக் கழுத்து வீங்கியிருக்கிறது. பொடியில் தொல்லை என்னவென்றால், பாசிக்குப் பாசி, கரைக்குக் கரை, பருவத்துக்குப் பருவம் அயோடின் மாறுகிறது, ஒரு டப்பாவில் இருப்பது அடுத்த டப்பாவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதிக அயோடின் சிலருக்குச் சுரப்பியை விரட்டிவிடுகிறது, சிலருக்கு முடக்கிப் போடுகிறது, பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. பெனடிக்ட் அந்த மூன்றாவது ரகம், அவரை எதுவும் ஒன்றும் செய்வதில்லை.

நீ எந்த ரகம் என்பதுதான் என் கவலை. நீ உன் அம்மாவோடு முகம் பார்த்துப் பேசும்போது நான் எதிரில் வருவதில்லை, போனுக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொள்வேன், உனக்கு அது தெரியாது. போன வாரம் நம் வீட்டுக் கண்ணாடி ஜன்னலில் போன் திரையில் இருந்த உன் முகம் நிழலாகத் தெரிந்தது, அப்படிப் பார்க்காமல் நேராகவே பார்ப்போம் என்று உன் அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. தூக்கமே வர மாட்டேங்குதும்மா, ஜிம்முக்குப் போகாமலே இளைச்சுட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். பிறகு டீக் கோப்பையை எடுத்தாய், எடுத்ததும் மறுகையால் அதன் அடியைத் தாங்கிக்கொண்டாய். மோகன், அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். அதை மறைப்பதற்குப் பிடிக்கிற பிடியும் எனக்குத் தெரியும். போனை வைத்ததும் கேட்டேன், அப்போதுதான் உன் அம்மா சொன்னாள், நீயும் அதே மாத்திரையைத்தான் தின்கிறாய், பிள்ளை வேண்டும் என்பதற்காக டப்பாவில் சொன்னதைப் போல இரண்டு பங்கு தின்கிறாய், ஜெர்லினுக்கு எத்தனை என்று தெரியாது, அடுத்த மாதம் மருத்துவமனையில் உன் விந்தைப் பரிசோதித்து வைத்தியம் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று. உடனே அவனை அழைத்து நிறுத்தச் சொல் என்று அவளிடம் சொன்னேன். அவள் அழைத்தாள். நீ சொன்ன பதிலை இந்த முறை காரத்தை எடுக்காமலே என்னிடம் சொன்னாள். நான் குடுத்தத கோழிக்குப் போட்டவருதானே, அவருக்கு நான் செய்யறது எது புடிச்சுது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய்.

நீ சொன்னதில் தப்பில்லை. நீ செய்தது பலவும் எனக்குப் பிடிக்கவில்லை. என்னோடு தொழிலுக்கு வராமல் போனது பிடிக்கவில்லை, போகிற அன்று வாசலில் நின்று, நீங்க கோழிகிட்டப் பேசற மாதிரிதான் எங்ககிட்டயும் பேசறீங்க என்று சொன்னது பிடிக்கவில்லை, கோயிலில் ஒரு மாலைகூட மாற்றிக்கொள்ளாமல் சர்ச்சோடு முடித்துக்கொண்டது பிடிக்கவில்லை. இவற்றை எல்லாம் நேரில் ஒரு நாள் வரிசையாகப் பேசித் தீர்க்கலாம், அல்லது தீர்க்காமலே இருக்கலாம். இது அந்த வரிசையில் சேராது. தைராய்டு தாறுமாறானால், கூடினாலும் சரி குறைந்தாலும் சரி, ஆணின் விந்து பாதிக்கப்படும். எந்தப் பிள்ளைக்காக நீ அதைத் தின்கிறாயோ அந்தப் பிள்ளைக்கே அது குறுக்கே நிற்கலாம். அந்த நிலையில் உன்னைப் பரிசோதித்துவிட்டு, உன்னிடம் குறை இருக்கிறது என்று அவர்கள் எழுதிவிட்டால், அதை நம்பி நீங்கள் இரண்டு பேரும் எந்தெந்த வைத்தியத்துக்கோ போவீர்கள். விந்து உருவாகி வர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும், சுரப்பி சரியான பிறகு அத்தனை நாளாவது பொறுத்துப் பார்த்தால்தான் உன் உண்மையான நிலை தெரியும். ஒருவேளை குறையே இல்லாமல் இருக்கலாம். நான் தப்பாகச் சொல்வதாகவும் இருக்கலாம், உனக்கு வெறும் தூக்கக்கேடாக இருக்கலாம், ஒரு சிறு குழாய் ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். எனக்கு அதுதான் ஆசை, நான் தப்பு என்று அந்தச் சோதனை காட்ட வேண்டும், நீ அதை உன் அம்மாவிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை ஜெர்லினிடம் கொடு. அந்தப் பெண்ணின் பெயரை நான் இதுவரை எழுதியதில்லை, இந்தக் கடிதத்தில்தான் எழுதுகிறேன். அவள் நர்ஸ், நான் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் உன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், அவளிடம் நீ எத்தனை தின்கிறாய் என்பதைச் சொல்லியிருந்தால் இந்நேரம் கண்டுபிடித்திருப்பாள். பிள்ளைக்கு உன்னைப் போல அவளும் ஏங்குகிறாள் என்பதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் நீ ஒருவனே சுமக்கப் பார்க்கிறாய். அது என்னிடமிருந்து வந்த குணம், அதை மட்டும் வைத்துக்கொள்ளாதே.

இன்றே மாத்திரையை நிறுத்து. டப்பாவைத் தூக்கிப் போடாதே, டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு, எத்தனை நாளாக எத்தனை தின்றாய் என்று கூச்சப்படாமல் சொல். தைராய்டுக்கு ரத்தம் கொடு, அந்த முடிவு வருகிறவரைக்கும் மற்ற வைத்தியத்தைத் தள்ளி வைக்கலாமா என்று அவரிடமே கேள். கழுத்தில் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்றும் பார்க்கச் சொல், என் கழுத்தில் இருப்பது உன் கழுத்திலும் இருக்கலாம். நீயாக எந்த மாத்திரையையும் ஆரம்பிக்காதே. நன்றாகச் சாப்பிடு சாமி. நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உங்களுக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டும், அதைச் சர்ச்சில் வைத்துப் பெயரிட்டாலும் சரி, எங்கே வைத்துப் பெயரிட்டாலும் சரி.

கடைசியில் கையெழுத்துப் போட இரண்டு முறை பேனாவை வைத்து எடுத்துவிட்டேன். அப்பா என்று போட்டால், அந்த ஒரு சொல்லிலிருந்து நீ மேல்நோக்கிப் படிப்பாய், ஒவ்வொரு வரியிலும் என் முகம் தெரியும், மாத்திரையை நிறுத்துவது என்னிடம் தோற்பதுபோல உனக்குத் தோன்றும். முகம் தெரியாத ஆள் சொன்னால் நீ கேட்டுக்கொள்வாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இத்தனையும் படித்த உனக்கு எழுதியது யார் என்று தெரியாமல் இருக்காது, தெரிந்தாலும் ஆஸ்பத்திரி வரிசையில் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருவர், தம்பி, எனக்கு இப்படி ஆயிற்று, நீங்களும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனதாக வைத்துக்கொள். அந்த ஆளுக்கு நீ நன்றி சொல்ல வேண்டியதில்லை, பதிலும் போட வேண்டியதில்லை, ரத்தம் மட்டும் கொடுத்தால் போதும். நாளைக் காலை தபால் நிலையம் திறந்ததும் இதைக் கையெழுத்தில்லாமலே சேர்த்துவிடுகிறேன்.